குகைக்கு முன் நின்ற ரயில்

குகைக்குள் ஒருமுறை போய் வந்த பொம்மை ரயில், அடுத்த சுற்றில் மறுபடியும் அதே இடத்தில் திக்கி நின்றது. குகை வாயிலுக்கு ஒரு சாண் முன்னால்.

டுவூம்பா மலையூரின் குளிர்காற்று தகரக் கொட்டகையைத் தட்டிக்கொண்டிருந்தது. லைல் காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். மின்சாரம் சரி. தண்டவாள இணைப்புகளும் சரி. மூன்று மணிக்கு ரயில் கிளப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள். போன வருடம் இதே நாளில் செத்துப்போன கிளப் நண்பர் பெர்ட்டின் ரயிலை அவர் நினைவாக ஓட்டிப் பார்க்க. "நான் ஓட வைக்கிறேன்" என்று பெர்ட்டின் மனைவி நோரீனிடம் வாக்குக் கொடுத்துத் தொலைத்தவர் லைல்தான்.

என்ஜினைக் கவிழ்த்தார். சக்கரங்களில் கறுப்புப் பிசுக்கு. தூசும் எண்ணெயும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும், புதிதல்ல. ஆனால் இது நாறியது. துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டின் காட்டத்தையும் மீறி, பல நாள் கழற்றாத காலுறையின், குளிக்காத கழுத்து மடிப்பின், புளித்த வியர்வையின் நாற்றம் கொட்டகை முழுக்கப் பரவி மூக்கில் ஒட்டிக்கொண்டது.

லைலுக்கு ஒரு கெட்ட பழக்கம். குட்டி மாடல்களுக்கு வண்ணம் பூசுகிற ஆட்களுக்கு இருப்பதுதான்: தூரிகை முனை பிரிந்தால் வாயில் வைத்துக் கூராக்குவது. பிசுக்கைத் துடைத்த தூரிகையை யோசிக்காமல் நாக்கில் வைத்துவிட்டார். உப்பு. கொழுப்பு. பல்லிடுக்கில் நறநறவென்று ஏதோ. துப்பினார்; சுவை போகவில்லை.

அச்சில் என்னவோ சுற்றியிருந்தது. இடுக்கியால் இழுத்தார். மயிர். குட்டையான, முரட்டு வெள்ளை மயிர். வேரில் சதைத் துணுக்கு.

நோரீன் தேநீரும் லாமிங்டன் கேக்கும் கொண்டுவந்தார்.

"என்னப்பா லைல், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"நோரீன், இங்க பூனை கீனை வருதா?"

"பூனையா! பெர்ட்டுக்குப் பூனைன்னாலே ஆகாது. வருஷம் பூரா கொட்டகை பூட்டியே கெடந்துச்சு." தண்டவாளத்தை ஒட்டிய சாம்பல்நிற ஜல்லியை அவர் பாசத்தோடு தடவினார். "உன்கிட்ட சொல்லலையே. இது அவருதான். தன் சாம்பலை ஜல்லியோட கலந்து லைன்ல போடணும்னு ஒரே அடம். குகைக்குள்ளதான் நெறைய போட்டேன். பசை ஊத்தி ஒட்டிட்டுக் கொட்டகையைப் பூட்டினதும் நான்தான்."

நோரீன் போனதும் லைல் குப்பைத் தொட்டியில் வாந்தியெடுத்தார். வாயைக் கழுவினார், மறுபடி கழுவினார். சாம்பல்தானே, நெருப்பில் வெந்து சுத்தமானதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பிறகுதான் உறைத்தது. சாம்பலில் மயிர் ஏது?

டார்ச்சைக் குகைக்குள் அடித்தார். ஜல்லி இல்லை. தண்டவாளங்களுக்கு நடுவே வெளிறிய தோல். ஈரமாக. புல்லரித்த மாதிரி, புள்ளி புள்ளியாக. சக்கரம் உரசிய இடமெல்லாம் சீழ். தோல் மெல்ல ஏறியது. இறங்கியது. மூச்சு.

வெளியே கார்கள் வந்து நின்றன. சிரிப்பு. நோரீனின் குரல்: "உள்ள வாங்க, லைல் எல்லாத்தையும் சரி பண்ணியிருப்பான்!"

வராதீர்கள் என்று கத்த வாய் திறந்தார். நாக்கில் ஏதோ குத்தியது. விரலை விட்டார். மயிர். பிடித்து இழுத்தார். வரவில்லை. வேர் ஆழத்தில் இருந்தது. கண்ணில் நீர் முட்ட, இன்னும் பலமாக இழுத்தார்.

குகைக்குள் அந்தத் தோல் வலியில் சுருங்கியது.