வேலை முடிந்த துப்பாக்கி

ஆயுதக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குப் பயம் எதுவும் இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்ற தயக்கம் மட்டும்தான் இருந்தது. அக்காவின் கணவர் அங்கே பழைய துப்பாக்கிகளை வெட்டும் கட்டிங் மெஷின் ஓட்டினார். எண்களை வாசிக்க ஓர் ஆள் தேவை என்று என்னையும் கூட்டிப் போனார்.

"வாயைத் தொறந்து சத்தமா வாசிக்கணும். வீட்டுல முணுமுணுக்கிற மாதிரி முணுமுணுத்தே, அங்கயே விட்டுட்டு வந்துடுவேன்," என்றார் அத்தான்.

கிடங்கு நீளமாக இருந்தது. ஜன்னல்கள் கைக்கெட்டாத உயரத்தில், தூசி படிந்து கிடந்ததால் பகலிலும் விளக்கு எரிந்தது. மரச் சட்டங்களில் துப்பாக்கிகள் தோளோடு தோள் உரச நின்றன. கிரீஸ் வாசனை, ஆளிவிதை எண்ணெய் வாசனை, அதற்கும் அடியில் பழைய வியர்வை வாசனை. எத்தனை முறை குளித்தாலும் அது என் தலைமுடியை விட்டுப் போகவில்லை.

எல்லாம் ஒரே ரகம். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். இழுத்தால் ஒரு சடக். தள்ளினால் இன்னொரு சடக். அதற்குப் பிறகுதான் வெடிக்கும்.

கிடங்குப் பொறுப்பாளரை எல்லோரும் தும்மல் சார் என்றார்கள். கோடி மேஜையில் நோட்டோடு உட்கார்ந்து, தூசிக்குத் தும்மிக்கொண்டே இருப்பார்.

"நூறு வருஷத்துச் சரக்கு," என்று அவர் ஒரு நாள் அத்தானிடம் சொன்னார். "கடல் தாண்டி ரெண்டு பெரிய சண்டைக்குப் போச்சு. சேத்துல கிடந்தாலும் சுட்டுச்சு, மணல்ல கிடந்தாலும் சுட்டுச்சு. அப்புறம் கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் கைக்கு வந்துச்சு. கலைஞ்சவன் வீட்டுக்குப் போனான். கலையாதவன்…" தும்மினார். "கடைசியில காவல்காரன் சாஞ்சு தூங்குற தடி. இப்ப பழைய இரும்பு. ரிட்டயர் ஆனா என் கதையும் இதான்."

வேலைக்கு ஒரு முறை இருந்தது. துப்பாக்கியின் உடலில் ஓர் எண், போல்ட்டில் அதே எண். நான் இரண்டையும் உரக்க வாசிக்க வேண்டும். தும்மல் சார் நோட்டில் டிக் அடிப்பார். அத்தான் துப்பாக்கியின் மரக்கட்டை மேல் உள்ளங்கையை வைத்து "வேலை முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு மெஷினில் கொடுப்பார்.

"இரும்புக்கு எதுக்கு சார் பிரிவுபசாரம்?" என்று அத்தான் சிரித்தார்.

"அது தன் இஷ்டத்துக்கு யாரையும் சுட்டதில்லடா. உத்தரவுலயே வளர்ந்த சாமான். அதை விடுவிக்கணும். விடுவிச்ச கையோட வெட்டணும். பேசாம வேலையைப் பாரு."

மூன்றாவது வாரம் நாலு நாலு ஒன்று ஏழு என்ற எண்ணுள்ள துப்பாக்கி வந்தது. மற்றவை சொரசொரப்பாக இருக்க, அது மட்டும் கண்ணாடி போல வழவழத்தது. கட்டையின் ஓரத்தில் பதினொரு சிறு வெட்டுகள். யாரோ எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் தேய்த்துத் தேய்த்து அவற்றின் விளிம்பு மழுங்கியிருந்தது.

அத்தான் அதைத் தூக்கி, கண்ணோடு வைத்து, என்னைக் குறி பார்த்தார்.

"நம்ம ஹாலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

போல்ட்டை மட்டும் கழற்றினார். உடலைச் சாக்கில் சுற்றி மெஷினுக்கு அடியில் தள்ளினார். "போல்ட் இல்லாத துப்பாக்கி பல்லு புடுங்கின பாம்பு. நீ வழக்கம்போல வாசி."

நான் அசையவில்லை.

"வாசிக்கலேன்னா உங்கக்கா முதுகுதான் பதில் சொல்லும்."

அக்காவின் முதுகு எப்படிப் பதில் சொல்லும் என்று எனக்குத் தெரியும். வாசித்தேன். அத்தான் சாக்கின் மேல் கையை வைத்து, "வேலை முடிஞ்சது," என்றார். பிறகு போல்ட்டையும் உடலுக்குப் பதில் ஒரு துண்டுக் குழாயையும் மெஷினில் கொடுத்தார். போல்ட் இரண்டாகி விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். கோடியில் தும்மல் சார் டிக் அடித்தார்.

துப்பாக்கி ஹால் சுவரில் இரண்டு ஆணிகளில் ஏறியது. அதன் குழல் வாய் தெருக்கதவைப் பார்த்திருந்தது.

"கரப்பான் பறந்தா கட்டில் மேல ஏறி நிக்கிற ஆளு. சுவத்துல பீரங்கி!" என்றாள் அக்கா. அத்தான் இல்லாத நேரத்தில்தான் சொன்னாள். எதிர்ச் சுவரோரம் ஜன்னலடியில் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. காலையில் குனிந்தால் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வாள்.

மறுநாள் பெருக்கும்போது துப்பாக்கி கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கினேன். அடுத்த நாளும் சாய்ந்திருந்தது. இப்போது அதன் வாய் கதவைப் பார்க்கவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே எங்கோ பார்த்தது.

விடுமுறை நாளன்று காலை பதினொரு மணி. அக்கா துணி உலர்த்த வெளியே போயிருந்தாள். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெங்காய நெடியை அமுக்கிக்கொண்டு கிடங்கின் எண்ணெய் வாசனை வந்தது.

சடக்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

சடக்.

ஹாலுக்கு ஓடினேன். வெடிச் சத்தம் கேட்கவே இல்லை. ஆனால் தையல் மெஷினுக்கு மேல் தொங்கிய கண்ணாடியில், உட்கார்ந்தால் அக்காவின் தலை தெரியும் இடத்தில், உருண்டையாக ஒரு துளை. பின்னால் சுவரில் கீறல்கூட இல்லை.

"நீதான் எதையோ எறிஞ்சிருக்கே," என்று அத்தான் என்னை அறைந்தார்.

மறுநாள் மதியம் அத்தான் டீ குடிக்கப் போனதும் கோடி மேஜைக்குப் போய் நின்றேன். ஒரு மாதத்தில் நானாக அவரிடம் பேசியது அன்றுதான்.

"சார்… சொல்லிட்டு, வெட்டாம விட்டா?"

அவர் நோட்டை மூடி வைத்தார். தும்மவில்லை.

"சொல்லிட்டா அதுக்கு மேல உத்தரவு போட யாரும் கிடையாதும்மா. இனி அது தானாப் பாக்கும். அசையாம இருக்கிற ஆளைத்தான் முதல்ல பாக்கும்."

அக்கா காலையில் குனிந்தால் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வாள்.

செருப்பில்லாமல் ஓடினேன். வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்திருந்தாள். துப்பாக்கி ஓர் ஆணியை விட்டு நகர்ந்து, மற்ற ஆணியில் மட்டும், யாரோ தாங்கிப் பிடித்ததுபோல நின்றது.

அதன் வாய் அவள் பிடரிக்கு நேராக இருந்தது.

அக்கா என்று கத்தினேன். காற்றுதான் வந்தது.

சடக்.

இன்னும் ஒரு சத்தம்தான் பாக்கி. என் தொண்டைக்கு உரக்கச் சொல்லிப் பழக்கமானது ஒன்றே ஒன்றுதான்.

"நாலு! நாலு! ஒண்ணு! ஏழு!"

துப்பாக்கி நின்றது.

"இறக்கு!" என்றேன், எனக்கே தெரியாத கனத்த குரலில்.

அது இறங்கியது. விழவில்லை, ஒரு மனிதன் இறக்குவதுபோல நிதானமாக இறங்கியது. வாய் தரையைப் பார்த்தது.

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "யாருடி கத்தினது? எந்த ஆம்பளைடி?"

அன்றே அவளும் நானும் அதைச் சாக்கில் சுற்றிக் கிடங்குக்குத் தூக்கிப் போனோம். தும்மல் சார் சாக்கைப் பிரித்தார். அத்தானை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தானே மெஷினில் கொடுத்தார். எட்டுத் துண்டுகள். "வேலை முடிஞ்சது" என்று மட்டும் சொல்லவில்லை.

"சுடாம யாரு இதை இறக்கினது?" என்றார் கடைசியில்.

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "உத்தரவு போட்டியா? அப்ப அதுக்கு மேல இப்ப ஒரு ஆள் இருக்கு."

அத்தானுக்கு வேலை போனது. வீட்டிலேயே கிடந்தார். இரண்டு வெற்று ஆணிகளையும் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பல்லைக் கடிப்பார். என் மேல் கை வைக்க ஏனோ தயங்கினார். அதனால் அக்காவின் மேல் வைத்தார்.

நேற்று மத்தியானம் தட்டை எட்டி உதைத்துவிட்டு அவள் முடியைச் சுருட்டிப் பிடித்தார். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் அக்கம்பக்கம் கேட்கும் என்று அவளுக்கு வெட்கம். நான் அடுப்படி வாசலில் நின்றேன். சத்தியமாக வாயைத் திறக்கவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான்.

ஆளிவிதை எண்ணெய் வாசனை வந்தது.

சடக்.

அத்தானும் கேட்டார். அவர் கை நழுவியது. அக்கா தவழ்ந்து என் காலடிக்கு வந்துவிட்டாள். அவர் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். இரண்டு வெற்று ஆணிகள். ஒன்று மட்டும் பாரம் தாங்குவதுபோல லேசாக வளைந்தது.

அவர் அப்படியே அசையாமல் நின்றார்.

அசையாமல் நிற்கக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நானும் சொல்லவில்லை.