ஒன்பதாம் கோபுரத்தின் ஒரே வயிறு

அல்லி காலைக் காபியை விட்டு மூன்று வருடமாகிறது. ஊர் மலத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே காபி குடிக்கிறவர்கள் ஒட்டுண்ணிக் கணக்கீட்டுத் துறையில் இருந்தார்கள். பக்கத்து மேசை யூசுப் மெதுவடையையே உள்ளே தள்ளுவான். அல்லிக்கு வேலையில் சேர்ந்த அன்றே குமட்டியது. பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

வேலை என்னவோ சுலபம்தான். நகரத்தின் ஒவ்வொரு கழிப்பறைக் குழாயிலும் ஒரு மலநோக்கி பொருத்தியிருந்தார்கள். விழுவதில் ஒரு துளி எடுத்து, வெறுங்கால் வழியாக உடம்புக்குள் ஏறும் கொக்கிப்புழுவின் முட்டைகளை எண்ணி அனுப்பும் கருவி. யாருடைய வயிறு என்று மட்டும் அது பார்க்காது. அது அந்தரங்கம், பார்த்தால் சட்டப்படி குற்றம். ஒரு குடியிருப்புக் கோபுரத்தில் நூற்றுக்கு இரண்டு வீடுகளுக்கு மேல் புழு தென்பட்டால் வரைபடத்தில் அந்தக் கோபுரம் சிவப்பாகிவிடும். வீட்டில் அடுப்பே இல்லாமல் பொதுச் சமையல்கூடங்களை நம்பிச் சாப்பிடும் நகரம் அது. சிவப்புக் கோபுரத்துக்காரர் எவரும் அந்தச் சமையல்கூடங்களுக்குள் வேலைக்குக் கால் வைக்கக் கூடாது. சிவப்பானால் பூச்சி மாத்திரை வரும், வேலை நிற்கும். பச்சையாக இருந்தால் வேலை இருக்கும், மாத்திரை வராது.

அன்று காலை ஒன்பதாம் கோபுரம் சிவந்திருந்தது. உப்பங்கழி ஓரத்தில், சமையல்கூட ஆட்கள் மட்டுமே வசிக்கும் இருநூறு வீடுகள். நான்கு வருடமாக ஒரு முட்டைகூடக் காட்டாத கோபுரம் அது, துறையின் செல்லப்பிள்ளை. நேற்று வரை பூஜ்யம். இன்று நூற்றுக்கு நூறு.

"மெஷின் கோளாறா இருக்கும்," என்றான் யூசுப், வாயில் வடையோடு.

"இருநூறு மெஷினுமா?"

அல்லி எண்களைப் பெரிதாக்கினாள். எல்லா வீட்டிலும் முட்டை ஒரே அளவில் இருந்தது. ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும்கூட அப்படி ஒத்துப்போகாது. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கோபுரம் கண்ணுக்குத் தெரியும் முன்பே நாற்றம் வந்துவிட்டது. பின்பக்கச் சவுக்குத் தோப்பில் நாலு அடி வைப்பதற்குள் காலணி எதிலோ வழுக்கியது. எதில் என்று குனிந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. பழையதும் புதியதுமாக எங்கும் கிடந்தது. ஈக்கள் எழும்பி அவள் உதட்டில் உட்கார்ந்தன. மரங்களுக்கு நடுவே குழந்தைகள் வெறுங்காலோடு குந்தியிருந்தார்கள். முகமெல்லாம் வெளுத்து, வயிறு முன்னால் தள்ளியிருந்தது. ஒரு பெண்குழந்தை ஈர மண்ணைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். ரத்தம் வற்றியவர்களுக்குத்தான் மண் ருசிக்கும் என்பது அல்லிக்குத் தெரியும்.

கோபுரத் தலைவி கன்னியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்.

"உள்ள வாங்க மேடம். இங்க எதுக்கு நிக்கிறீங்க?"

"எல்லாரும் இங்கதான் வர்றீங்களா? உள்ள இருக்கிற டாய்லெட்டெல்லாம் எதுக்கு?"

கன்னியம்மா சவுக்கு மரங்களைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "அது மெர்சிக்கு."

மேல்மாடியில் ஓர் அறை. மெர்சிக்கு இருபது வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கொதிக்கவைத்த தண்ணீர் ஒரு பக்கம், தோலுரித்த பழங்கள் ஒரு பக்கம். ஜன்னலோரம் சின்னச் சின்ன டப்பாக்கள் அடுக்கியிருந்தன. சமையல்கூடத்தில் சட்னி அடைத்துக் கொடுக்கும் டப்பாக்கள். தினமும் காலையில் வீட்டுக்கு ஒன்று, உள்ளே மெர்சியின் மலம், புளியங்கொட்டை அளவு. அதை எடுத்துப்போய் அவரவர் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். மலநோக்கி எண்ணிப் பார்த்துப் பூஜ்யம் என்று அனுப்பும். அல்லி நேற்றிரவு அதே மாதிரி டப்பாவைத் திறந்து இட்லியைத் தொட்டுத் தின்றிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பிடித்தாள்.

"நாலு வருசம் முன்னாடி இவங்களே ரகசியமா டெஸ்ட் பண்ணாங்க மேடம்," என்றாள் மெர்சி. "கோபுரத்துலயே நான் மட்டுந்தான் சுத்தம். அன்னியிலேர்ந்து மேலயே வச்சிருக்காங்க."

"ராணி மாதிரி வச்சிருக்கோம்," என்றார் கன்னியம்மா.

"அப்புறம் எப்படிப் புழு வந்துச்சு?"

மெர்சி பூட்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு மாசம் முன்னாடி மழை பேஞ்சுது. எல்லாரும் வேலைக்குப் போயிருந்தாங்க. மண்ணுல நின்னு பாக்கணும்போல இருந்துச்சு. பூட்ஸைக் கழட்டிட்டுத் தோப்புல கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் விரலிடுக்கெல்லாம் அரிச்சுது. யார்கிட்டயும் சொல்லல."

ஏமாற்று என்று அல்லி எழுதினால் இந்த இருநூறு குடும்பமும் இனி எந்தச் சமையல்கூடத்திலும் நுழைய முடியாது. நோய் பரவியது என்று எழுதினால் மூன்று வாரம் வேலை நிறுத்தம், எல்லாருக்கும் மாத்திரை.

கன்னியம்மா குரலைத் தாழ்த்தினார். "மெர்சிக்கு மட்டும் ஒரு மாத்திரை குடுத்துடுங்க மேடம். கழுவிச் சுத்தம் பண்ணிட்டா பழையபடி ஓட்டிக்குவோம்."

காலணியில் ஒட்டியிருந்ததைவிட அந்தப் பேச்சு அல்லிக்கு அருவருப்பாக இருந்தது. இந்த அம்மாளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? நோயைச் சொன்னால் சோறு போகும் என்று விதி எழுதியது அவளுடைய துறை. இந்தப் பச்சையைக் காட்டிக் கைதட்டல் வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி. கையிலிருந்த தொடுதிரைப் பலகையில் வரைபடத்தைத் திறந்தாள். கடலோரம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள், எல்லாம் பூஜ்யம். எத்தனை மேல்மாடிகளில் யார் யார் பூட்ஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களோ. அவளுக்குத் தன்மேலேயே ஓங்கரித்தது.

'நூற்றுக்கு நூறு. நோய்ப் பரவல் உண்மை. கோபுரம் முழுவதற்கும் மாத்திரை தேவை' என்று பதிந்து அனுப்பினாள். பையில் இருந்த ஒரு மாத்திரையை மெர்சியிடம் நீட்டினாள். விழுங்குவதை அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி.

மெர்சி அதைக் கையிலேயே வைத்திருந்தாள். "இது வயித்த விட்டுப் போயிட்டா மறுபடி இங்கயே உக்கார வச்சிருவாங்களே மேடம்."

கன்னியம்மா ஜன்னலோர டப்பாக்களைச் சேலைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்தார்.

"முழுங்கு. உன் ரத்தத்தைத்தான் அது குடிக்குது," என்றாள் அல்லி.

"முழுங்கினா அப்புறம் வரவே வராதா?"

எல்லாக் கோபுரத்திலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில் அல்லியிடம் இருந்தது. "வெறுங்காலோட அந்தத் தோப்புல நடந்தா, கண்டிப்பா வரும்."

மெர்சி தண்ணீர்கூடக் கேட்காமல் மாத்திரையை விழுங்கினாள். குனிந்து பூட்ஸைக் கழற்றிக் கன்னியம்மாவின் காலடியில் ஒழுங்காக வைத்தாள். வெளிறிச் சுருங்கிய பாதங்களோடு எழுந்து படியிறங்கிப் போனாள்.

"மேடம், போறா பாருங்க. கூப்பிடுங்க மேடம்," என்றார் கன்னியம்மா.

அல்லி ஜன்னலுக்குப் போனாள். கீழே தோப்பில், கிடந்த அத்தனைக்கும் நடுவே, மெர்சி கணுக்கால் வரை சேற்றில் நின்றிருந்தாள். அல்லி கூப்பிடவில்லை.