நடுங்குகிறவள்

நேற்று அபாயச் சங்கு ஊதியதும் பட்டறையில் இருந்த அத்தனை பேரும் வெளியே ஓடினார்கள். கனி மட்டும் உள்ளே உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புகையில ஆளே தெரியல டாக்டரம்மா. நான்தான் உள்ள ஓடி, முடியைப் பிடிச்சு வெளிய இழுத்துப் போட்டேன். 'உடைக்க இன்னும் நாலு பேட்டரிதான் கிடந்துச்சு, முடிச்சுட்டு வந்திருப்பேன்'ங்கா." சொல்லும்போதே அவள் அம்மா வேலுத்தாயின் கைகள் வெடவெடத்தன.

பியூலா பிள்ளைகளின் மனநோய்க்கு மருத்துவர். பழைய வண்டி மின்கலங்களை உடைத்து உலோகம் எடுக்கும் இந்த ஊரில்தான் அவள் பேர் வாங்கினாள். மின்கலம் வெடித்து அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். அதற்காகத்தான் பயந்தணிப்பானைச் செய்தாள். காதுக்குப் பின்னால் தோலுக்குள் வைக்கும் அரிசியளவு பொறி. மூளையில் பயம் தலைதூக்கும்போதே அமுக்கிவிடும். முதல் பொறியைத் தனக்கே வைத்துக்கொண்டாள். தன் உடம்பில் பார்க்காததைப் பிள்ளைகள் உடம்பில் வைக்கமாட்டாள். அவர்கள் சொன்ன கொடுமைகளைக் கேட்டுவிட்டுச் சோறு தின்னவும் அது கைகொடுத்தது. அதனால் அதை எடுக்கவே இல்லை.

கனிக்கு வைக்கும்போது சின்னப்பிள்ளை. இப்போது குமரி. அப்பன் செத்த அதே பட்டறையில் வேலை.

"வெடிச்சா செத்துப்போவேன்னு தெரியுமா கனி?"

"தெரியுமே டாக்டர்." வெந்துபோன புறங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "இது கூட வலிச்சுது. அதுக்கு எதுக்கு ஓடணும்?"

"கேட்டீங்களா? இனிமே பொறி வச்ச பிள்ளைகளுக்குத்தான் வேலைன்னு மேஸ்திரி சொல்லிட்டான். அவனுக்கென்ன, ஓடாத மாடு கிடைச்சிருக்கு." வேலுத்தாய் மேசையைத் தாண்டி மருத்துவரின் கையைப் பிடித்தாள். "எடுத்துருங்கம்மா. பழையபடி கட்டிலுக்கடியிலயே கிடக்கட்டும். உசிரோடவாவது கிடப்பா."

எடுப்பது பெரிய வேலையில்லை. தோலைக் கொஞ்சம் கீறினால் போதும்.

பியூலா, கனியின் பொறி அனுப்பிய பதிவுகள் ஓடும் திரையைப் பார்த்தாள். கனிக்கு நல்ல தூக்கம், சீரான துடிப்பு, எங்கும் ஒரு சலனமில்லை. ஆராய்ச்சி தொடங்கியபோது எந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு கோடு வரும் என்று ஏங்கினாளோ, அந்தக் கோடு. இதைப் பார்த்துப் பதற வேண்டும் என்று அவள் அறிவு சொன்னது. பதற்றத்தைத் தனக்குள் தேடினாள். அமைதியாக இருந்தது.

பதறாத விஷயத்துக்காகக் கத்தி எடுப்பது அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"நீங்க தூங்கி எவ்வளவு நாளாச்சும்மா?"

"பிள்ளை உலைக்குள்ள உக்காந்திருக்கா, எனக்குத் தூக்கம் ஒரு கேடா?"

"எப்பவும் இப்படித்தான் டாக்டர்" என்றாள் கனி. "பாவம்."

நடுங்கும் அந்தக் கைகளைப் பியூலா கனிவாக எடுத்து வேலுத்தாயின் மடியில் வைத்தாள்.

"இந்த அறையில நோய் உங்களுக்கு மட்டுந்தாம்மா" என்றாள், பொறிகள் இருந்த தட்டை இழுத்தபடி. "காதைக் காட்டுங்க. வலிக்காது."