நோயாளி இல்லாத ஊசி

தலைமையாசிரியை வந்தபோது அந்த வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர் உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. செருப்பைக் கழற்றிய வேகத்திலேயே நாற்காலியில் விழுந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"என் ஸ்கூல்ல யாரோ ஒருத்தர் ஊசி போட்டுக்கிட்டிருக்காங்க. ஆனா ஊசி போட்டுக்கிட்ட ஆளு இல்லை" என்றார்.

அண்ணி கையிலிருந்த துண்டை மடித்து முடித்த பிறகே நிமிர்ந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்துபோன கிடங்கும் காணாமல்போன நகையும் உண்மைதானா என்று பார்த்துச் சொல்வதே அவருடைய உத்தியோகம். ஓய்வுக்குப் பிறகும் ஆட்கள் தேடி வந்தார்கள். அக்கம்பக்கத்தில் 'விசாரணை அம்மா' என்றே பெயர். கணவர் போனபின் அந்த வீட்டில் அவருக்குத் துணை கணவரின் தங்கைதான். நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் விசாரணை அம்மா.

தலைமையாசிரியை நடத்துவது காப்பகமும் மழலையர் பள்ளியும் சேர்ந்த ஒரு சின்ன நிறுவனம். அங்கே படிக்கும் நாலு வயதுப் பெண் ஒருத்திக்கு நிலக்கடலை ஆகாது. வாயில் பட்டால் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் என்று நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து வந்துவிடும். அதற்காகப் பேனா வடிவ ஊசிகள் இரண்டை அவளுடைய அப்பா கொடுத்து வைத்திருந்தார். முதல் ஊசியில் சரியாகாவிட்டால் இரண்டாவதைப் போட வேண்டும். குழந்தையின் புகைப்படம் ஒட்டிய பெட்டியில், நோய் அறைச் சுவரில், பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் அவை இருந்தன.

"சனிக்கிழமை பிள்ளைங்களுக்கு லீவு. ஒரு நர்ஸை வரவழைச்சு எங்க எல்லாருக்கும் பயிற்சி வெச்சேன். இந்த மாதிரி ஒவ்வாமை வந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படி ஊசி போடுறது, எப்படிப் படுக்க வைக்கிறது, எல்லாம். பழக்கறதுக்கு மருந்தும் முள்ளும் இல்லாத பொம்மைப் பேனாதான் குடுத்தாங்க. திங்கக்கிழமை காலைல பார்த்தா நிஜப் பேனா ஒண்ணு போட்டு முடிஞ்சு, நர்ஸ் விட்டுட்டுப் போன ஊசிக் கழிவு டப்பாவுல கிடக்கு. இன்னொண்ணு தரையில கிடக்கு, அதைத் திறக்கக்கூட இல்லை."

"பிள்ளைங்க யாருமே அன்னிக்கு வரலையா?"

"ஒரு குஞ்சு குளுவான் இல்லை. பெரியவங்கதான். இப்ப அந்தப் பொண்ணோட அப்பா, யாருன்னு தெரியுற வரைக்கும் பிள்ளையை அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டாரு. அவர் சொல்றதும் நியாயம்தானே. விளையாட்டுக்குப் போட்டுப் பார்த்தவங்க யாரா இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். யாரும் வாயைத் திறக்கலை."

பயிற்சி முடியுமுன் கிளம்பிப் போனவர்கள் மூன்று பேர்: வேன் டிரைவர், கணக்கர், மழலை வகுப்பு டீச்சர். மற்ற எல்லோரும் கடைசிவரை நர்ஸின் கண் முன்னால் இருந்தார்கள்.

"கட்டை விரல் பாருங்க" என்றார் நாத்தனார். "பேனாவைத் தலைகீழாப் புடிச்சா விரல்லதான் குத்தும்."

"எல்லார் விரலையும் பார்த்தாச்சு. ஒரு கீறல் இல்லை."

மறுநாள் காலை இருவரும் பள்ளிக்குப் போனார்கள். தலைமையாசிரியை திங்கட்கிழமையே பூட்டி வைத்த நோய் அறையைத் திறந்துவிட்டார். சின்ன அறை. ஒரு சுவருக்கு அந்தப்பக்கம் ஹால், எதிரே கை கழுவும் இடம். தரையில் ஒரு பாய். பாயின் கால்மாட்டில், ஹால் சுவரை ஒட்டி, இரண்டு தலையணைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேல் தலையணையின் உறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புழுதித் தடங்கள்.

"யாரோ நல்லாத் தூங்கியிருக்காங்க அண்ணி. கணக்கரா இருக்கும். அந்த ஆளைப் பார்த்தாலே கொட்டாவி வருது."

"தூங்குறவங்க தலைக்குத்தானே தலையணை வைப்பாங்க?"

"தலைப்பக்கம் அதுதானோ என்னவோ."

"தலையில புழுதி ஒட்டியிருக்காது" என்றார் விசாரணை அம்மா. பிறகு குனிந்து மூலையிலிருந்த குப்பைக்கூடையைப் பார்த்தார். ஒரு ஜோடி ரப்பர் கையுறை, உள்புறம் வெளியே திரும்பி, மணிக்கட்டுப் பக்கம் கிழிந்து கிடந்தது.

வராந்தாவில் நடந்தார்கள். ஆண்டு விழா நெருங்கியிருந்ததால் ஒவ்வொரு வகுப்பிலும் பலூன்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மழலை வகுப்பில் மட்டும் காகிதப் பூக்களும் காகிதப் பறவைகளும். "அந்த டீச்சர் எப்பவுமே காகிதத்துலதான் செய்வா" என்றார் தலைமையாசிரியை. "கைவேலையில ஆசை. மத்தபடி எங்கயும் வர மாட்டா, யார்கிட்டயும் ஒட்ட மாட்டா. நல்ல பொண்ணு."

நர்ஸையும் வரச் சொல்லியிருந்தார்கள். விசாரணை அம்மா அவரிடம் கேட்டது இரண்டே கேள்வி. கையுறை எப்போது கொடுத்தீர்கள் என்பது ஒன்று.

"ஊசிப் பயிற்சி முடிஞ்சதும், காயத்துக்குக் கட்டுப் போடுறதுக்காக எல்லாருக்கும் ஒரு ஜோடி குடுத்தேன்."

"அதுக்கப்புறம் ஹால்ல ஏதாவது வித்தியாசமா நடந்துச்சா?"

நர்ஸ் யோசித்தார். "பெருசா ஒண்ணும் இல்லை. மயங்கி விழுந்த பிள்ளையைக் காப்பாத்துற மாதிரி ஒத்திகை பார்த்துக்கிட்டிருந்தோம். 'ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, ஊசியை எடுத்துட்டு வாங்க'ன்னு ஒரே சத்தம். நடுவுல யாரோ சுவத்துல பொத்துப் பொத்துனு தட்டுனாங்க. யாரோ ரொம்ப ஈடுபாட்டோட நடிக்கிறாங்கன்னு சொல்லிச் சிரிச்சோம்."

விசாரணை அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நாத்தனாருக்குத் தெரியும், அண்ணி அதைத் துடைத்தால் பாதிக் கணக்கு முடிந்துவிட்டது என்று.

பிறகு மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்வி: அந்த ஊசியைப் போட்டால் எப்படி இருக்கும்?

"டக்குனு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான்" என்றார் வேன் டிரைவர். ஆறடி உயரம், முறம் மாதிரிக் கை. "அந்தப் பாடம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் கையுறைன்னு ஒண்ணு குடுத்தாங்க பாருங்க, என் கட்டை விரல்கூட நுழையலை. எல்லாரும் சிரிச்சாங்க. வேனை சர்வீஸுக்கு விடணும்னு கிளம்பிட்டேன்."

கணக்கர் பேனாவைத் தொடவே இல்லையாம்; கையுறையைப் பற்றியும் கேட்டுப் பார்த்தார். "என் பொண்ணுக்குப் பரீட்சை, கூட்டிட்டு வரப் போயிட்டேன். கையுறை குடுத்தாங்களா? எனக்குத் தெரியாதே."

மழலை வகுப்பு டீச்சர் மெலிந்த பெண். கேள்வியைக் கேட்டதும் ஜன்னலைப் பார்த்தாள்.

"கை நடுங்கும். நெஞ்சு கட்டுக்கடங்காம அடிக்கும். முடிஞ்சுபோச்சுன்னே தோணும். பிள்ளைங்க ரொம்பப் பயந்துடுவாங்க. அதனால யாராவது பக்கத்துல உக்காந்து கையைப் புடிச்சுக்கணும்."

"நீங்க எதுக்காக சீக்கிரம் போனீங்கம்மா?"

"தலைவலி."

அவள் போனபின் விசாரணை அம்மா நர்ஸைப் பார்த்தார். "கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்லையே. சொல்லியிருக்கணும். நேரமில்லாம விட்டுட்டேன்."

மாலையில் பிள்ளைகள் வீடு போனதும் தலைமையாசிரியை மூன்று பேரையும் தன் அறையில் நிறுத்திவைத்தார். நாத்தனார் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். இந்த நேரத்துக்காகத்தான் அவர் கூடவே வருவது.

"டிரைவரும் கணக்கரும் போகலாம்" என்றார் விசாரணை அம்மா. "உங்க மேல ஒண்ணும் இல்லை."

கதவு மூடியது. டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"உக்காரும்மா. நான் சொல்றதுல தப்பு இருந்தா நிறுத்து." விசாரணை அம்மாவின் குரல் தாழ்ந்திருந்தது. "எல்லாரும் இதை விளையாட்டுன்னு நினைச்சாங்க. விளையாடுறவங்க பாய்ல மல்லாந்து படுத்து, காலுக்கு அடியில தலையணை வெச்சு உயர்த்திக்க மாட்டாங்க. நர்ஸ் நோயாளியை அப்படித்தான் படுக்க வைக்கச் சொன்னாங்க. அப்போ அங்க நிஜமா ஒரு நோயாளி இருந்திருக்கணும். பெரியவங்கதான் இருந்தாங்க, அதனால நோயாளியும் பெரியவங்கதான். எல்லார் விரலையும் பார்த்தீங்க மேடம். ஊசி போட வேண்டிய இடம் தொடை. அதை யாரு பார்க்கப்போறாங்க?"

தலைமையாசிரியை டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"எதனால வந்துச்சுன்னு தேடினேன். எல்லாரும் சாப்பாட்டையே நினைக்கிறோம். குப்பைக்கூடையில அவசரமாப் பிய்ச்சுக் கழட்டின ரப்பர் கையுறை இருந்துச்சு. கணக்கர் கையுறைக்கு முன்னாடியே போயிட்டாரு. டிரைவருக்கு அது நுழையவே இல்லை. மிச்சம் இந்தப் பொண்ணு. ஸ்கூல் பூரா பலூன் தொங்குது, இவ வகுப்புல மட்டும் காகிதம். பலூனும் அந்தக் கையுறையும் ஒரே ரப்பர்தான்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். "கடவுளே. யாருக்காவது ஆகாதான்னு நான் கேக்கவே இல்லை."

"கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள் டீச்சர். அவள் குரல் சாதாரணமாகவே இருந்தது. "முந்தின ஸ்கூல்ல சொன்னேன். பிள்ளைங்களைப் பார்த்துக்க வந்தவளை நாங்க பார்த்துக்கணுமான்னு கேட்டு நிறுத்திட்டாங்க. கையுறை போட மாட்டேன்னா ஏன்னு கேப்பாங்களேன்னு போட்டுக்கிட்டேன். கொஞ்ச நேரம்தானேன்னு நினைச்சேன். அரிப்பு வந்ததும் கை கழுவப் போனேன். அதுக்குள்ள தொண்டை அடைச்சுப்போச்சு. என் ஊசி என் பையில, பை ஹால்ல. அவ்வளவு தூரம் நடக்க முடியலை, எதிரே இருந்த நோய் அறைக்குள்ளதான் நுழைய முடிஞ்சது. பாப்பாவோட பெட்டி கைக்கு எட்டுச்சு."

"சுவத்துல தட்டினது நீதானா?"

"குரல் வரலை. அந்தப் பக்கம் எல்லாரும் கத்துறது நல்லாக் கேட்டுச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, பக்கத்துலயே இருங்கன்னு. தட்டினேன். சிரிச்சாங்க. அப்புறம் தட்டலை."

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடலை" என்றார் விசாரணை அம்மா. "அது நாலு வயசுக் குழந்தைக்கான அளவு. உனக்குப் பத்தியிருக்காது. ரெண்டாவது பேனாவையும் எடுத்துப் பக்கத்துல வெச்சிருக்கே. ஏன் போட்டுக்கலை?"

"அதையும் போட்டுட்டா பெட்டி காலி. பெட்டி மேல அவ போட்டோ இருந்துச்சு."

"அது தப்பு" என்றார் நர்ஸ். அவர் கண் கலங்கியிருந்தாலும் பேச்சில் கண்டிப்பு இருந்தது. "அன்னிக்குப் பிள்ளைங்களே இல்லை. பெட்டியை மறுநாள் நிரப்பிக்கலாம். நீ ரெண்டாவதும் போட்டிருக்கணும். நீ செத்துப்போயிருப்பியேம்மா."

"தெரியும்."

எல்லோரும் தேநீர் குடிக்க வெளியே போன சமயம், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பையை எடுத்திருக்கிறாள். தன்னுடைய ஊசியைப் போட்டுக்கொண்டு, தலைவலி என்று தகவல் அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்தாள். அதற்குள் தலைமையாசிரியை எல்லோரையும் நிறுத்திவைத்துப் பேசியாகிவிட்டது.

தலைமையாசிரியை மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை நகர்த்தினார், மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார். "ஆஸ்பத்திரியில கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்லை. ராத்திரி அங்கயே இருக்கணும், யாருக்காவது சொல்லணுமான்னு கேட்டாங்க. ஸ்கூல் நம்பரைக் குடுத்தேன்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "அடிச்சுப் பார்த்தாங்களாம். எடுக்கலைன்னாங்க. லீவுதானே, யாரு எடுப்பா?"

தலைமையாசிரியை எழுந்து ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் போன் இருந்தது. குழந்தையின் அப்பாவை அழைத்து, நடந்ததை எதையும் மறைக்காமல் சொன்னார். ஊசியை எடுத்தவர் யார், ஏன் எடுத்தார், ஏன் ஒன்றை மிச்சம் வைத்தார் என்று சொன்னார். பிறகு, புது ஊசிகளோடு நாளைக் காலையில் குழந்தையைக் கூட்டிவருவதாகவும், அந்த டீச்சரைப் பார்க்க வேண்டும் என்றும் அவர் சொன்னது அறையில் எல்லோருக்கும் கேட்டது.

"உன் போனைக் குடு" என்றார் தலைமையாசிரியை.

டீச்சர் புரியாமல் நீட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தன் வீட்டு எண்ணை ஒவ்வொன்றாக அமுக்கினார். "என்ன பேர்ல போடட்டும்? மேடம்னு போட்டா ஆஸ்பத்திரிக்காரங்களுக்குப் புரியாது."

டீச்சர் நீண்ட நேரம் யோசித்தாள். யாரையும் உறவு சொல்லி அழைத்து அவளுக்கு வெகுநாளாகிவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"பெரியம்மான்னு போடுங்க" என்றாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. வழக்கமாக ஏறியதும் தொடங்கிவிடும் நாத்தனார், நாலைந்து நிறுத்தங்கள் போகும்வரை வாயே திறக்கவில்லை. வெளியே கடைகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி."

"ம்."

"இனிமே தூங்கும்போது உங்க ரூம் கதவைத் தாழ்ப்பாள் போடாதீங்க."

"திருடன் வந்தா?"

"வந்தா நான் பேசிக்கிறேன்."

கணவர் போன நாளிலிருந்து விசாரணை அம்மா அந்தத் தாழ்ப்பாளைப் போடாமல் படுத்ததில்லை. ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நாத்தனாரும் கேட்டதில்லை. பஸ் வளைவில் திரும்பியபோது இருவரின் தோளும் ஒன்றோடொன்று இடித்தன. யாரும் நகர்ந்து உட்காரவில்லை.