முடிவுக்கு ரெண்டு கைதட்டு

மதிய வெயிலிலிருந்து ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா என்றால் கேமராக்காரி. டிரம்ஸ் வாசிப்பவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி, அதனால் குழுவில் எல்லோருக்குமே அவள் அக்காதான். ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. ஈரக் கம்பளத்தின் வாசனை. கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குக் கேட்கும்.

"ஏன் மூஞ்சிய உம்முனு வச்சிருக்க?" என்றான் தம்பி.

"நெஞ்சைப் பிளந்து தைச்சு ஒரு வருஷம்கூட ஆகல. அதுக்குள்ள ராக் வாசிக்க வந்துட்ட. நான் கூத்தாடவா?"

"டாக்டரே சரின்னுட்டாரு."

டாக்டர் சொன்னால் ஆச்சா? அவளுக்கு மனசு கேட்கவில்லை. அவன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளத்தான் படம் பிடிக்கவே ஒப்புக்கொண்டாள்.

வெளியூர்ப் பாடகி ஒருத்தியோடு சேர்ந்து வாசிக்கும் பாட்டு. கூட்டம் கிடையாது, வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்துவதற்கு ஆரம்பத்தில் ஒரு கைதட்டு, முடிவில் ரெண்டு. அது அவர்கள் தொழில் வழக்கம்.

எப்போதும் அவளேதான் தட்டுவாள். அன்றைக்கு இரண்டு கையும் கேமராவில் இருந்தது. "யாராவது ஒரு தட்டு தட்டுங்கப்பா," என்று பொதுவாகச் சொல்லி வைத்தாள்.

பட்டென்று ஒன்று விழுந்தது.

"தேங்க்ஸ்," என்றாள்.

பாட்டு அமர்க்களமாக வந்தது. அந்தக் குஷியில் முடிவில் ரெண்டு தட்ட எல்லோருக்கும் மறந்தே போனது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சிரித்துக்கொண்டிருக்க, அவள் ஒலிப்பதிவு செய்யும் கண்ணாடி அறைக்குள் போய்ப் படத்தை ஓட்டிப் பார்த்தாள். கிட்டார்க்காரர்கள் விரல் கம்பியில். பாடகியின் இரண்டு கையும் ஹெட்போனில். தம்பி கையில் குச்சிகள்.

யாருமே தட்டவில்லை.

வாய் ஓயாமல் கிண்டலடிக்கும் சவுண்ட் இன்ஜினியர் ஒவ்வொரு மைக்காகத் திறந்து கேட்டார். தம்பி தலைக்குமேல் இருந்த மைக்கில்தான் சத்தம் அதிகம். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவன் தோளுக்குப் பின்னாடிம்மா. இது ரெண்டாவது தடவை."

"என்னண்ணா ரெண்டாவது தடவை?"

"முன்ன ஒரு குழு வந்தப்பவும் ஆரம்பத்துல இப்படி ஒண்ணு. யாரும் தட்டல. நாங்க சிரிச்சோம். பாதிப் பாட்டுல ரெண்டு கேட்டுச்சு." குரலைத் தாழ்த்தினார். "டிரம்ஸ்ல இருந்தவன் அப்புறம் எழுந்திருக்கவே இல்ல."

அவள் கண்ணாடி வழியே தம்பியைப் பார்த்தாள். "இன்னைக்கு ரெண்டு கேட்டுச்சா?"

"இல்ல."

அப்படியென்றால் இன்னும் முடியவில்லை.

"கிளம்பு," என்று தம்பியின் கையைப் பிடித்தாள்.

"இன்னொரு டேக் இருக்கே?"

"கிளம்புன்னேன்ல."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் குச்சிகளை வைத்துவிட்டு வந்தான். கேமராக்களை அங்கேயே போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். வெளியே பட்டப்பகல். தம்பி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முழங்காலில் விரலால் தாளம் போட்டான். அவளுக்கு எப்போதும் எரிச்சல் மூட்டும் பழக்கம் அது. அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நிறுத்தாதடா. போட்டுக்கிட்டே இரு."

"என்னாச்சு உனக்கு? எப்பவும் நிறுத்துன்னுதானே கத்துவ?"

"இன்னைக்குப் போடுடா, கண்ணு."

அவன் சிரித்துக்கொண்டே தாளத்தைத் தொடர்ந்தான். சிக்னலில் வண்டி நின்றது. பின் சீட்டில் ஒரு பைகூட இல்லை.

ஈரக் கம்பளத்தின் வாசனை வந்தது.

பட். பட்.

பக்கத்தில் தாளம் நின்றது.