சேவ் ஆகாத படம்

கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடு கால்வாசி தூரம் போய் நின்றுவிட்டது. அது நின்றதே தெரியாமல் வசந்தகுமாரி சமையலறைக்குப் போய்ப் பாலை இறக்கி வைத்து, மேடையைத் துடைத்து, முந்தானையில் கையை ஒற்றிக்கொண்டு திரும்பி வந்தபோதும் கோடு அதே இடத்தில்தான் இருந்தது. மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டி மூச்சு வாங்கியபடி இரைந்துகொண்டிருந்தது, அதன் சூடு முழங்காலில் பட்டது, ஏர் கூலரில் நனைந்த புல்லின் வாசனைக்கு நடுவே எதுவோ தீய்கிற வாசனையும் லேசாக வந்தது.

"சனியனே, நகரேன்" என்றாள். அது நகரவில்லை.

மே மாத மத்தியானம். ஏ.எஸ்.ராவ் நகர் முழுக்கக் கதவை அடைத்துக்கொண்டு தூங்குகிற நேரம். ஆனால் அவளுக்கு ஏது தூக்கம்? மகள் சுபாஸ்ரீக்கு நாளைக் காலையில் முகூர்த்தம். இன்று சாயந்திரம் செகந்திராபாத் மண்டபத்தில் ரிசப்ஷன், ஆறு மணிக்கு வேன் வந்துவிடும். சுபா பார்லருக்குக் கிளம்பும் அவசரத்தில் சேவ் பட்டனை அழுத்திவிட்டு, முடிந்ததும் சிடியில் ஏற்றி வைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் தூக்கம் கெட்டுச் செய்த படம் அது. இன்றைய சுபாவில் தொடங்கிப் பின்னோக்கிப் போய், பிறந்த குழந்தையில் முடியும். ரிசப்ஷனில் பெரிய திரை கட்டி எல்லோருக்கும் போட்டுக்காட்டுவதாக ஏற்பாடு.

படத்துக்கான பழைய கேசட்டுகள் எல்லாம் அவள் கணவர் ராமச்சந்திரன் எடுத்தவை. எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்த மனுஷன், முதல் போனஸில் கேமரா வாங்கினார். அதற்குப் பின்னாலிருந்து கடைசிவரை வெளியே வரவே இல்லை. அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் சுபாவும் வசந்தாவும்தான். தலை நிறைய மல்லிகையும் நெற்றியில் பெரிய பொட்டுமாக ஒரு வசந்தா. அவர் போய் நாலு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அவளை யாரும் படம் எடுத்ததில்லை, அவளும் எடுக்க விட்டதில்லை.

தாரை வார்த்துக் கொடுக்கப் போவது கொழுந்தன் சந்தானமும் அவர் மனைவி ரமணியும். தாலி கட்டுகிற நேரத்தில் கொஞ்சம் தள்ளித் தூண் பக்கமாக நின்றுகொள்ளும்படி ரமணி பதமாகத்தான் சொன்னாள். சொல்லியே இருக்க வேண்டாம். எந்த விசேஷத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று வசந்தாவுக்கு அத்துப்படி. சுபாதான் கேட்டுவிட்டுக் குதித்தாள், சாப்பிட மாட்டேன் என்றாள், கல்யாணமே நக்கோ, வேண்டவே வேண்டாம் என்றாள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னாள்.

"ஸ்டேஜ்ல நீ கிடையாது, போட்டோல நீ கிடையாது. இந்தப் படத்துலயாச்சும் நீ முன்னாடி நில்லும்மா. இதுலேர்ந்து உன்னை யாரும் தள்ள முடியாது."

அன்று ராத்திரி வசந்தா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் அவளுக்கென்று இருந்த இடம் அந்தப் படம் ஒன்றுதான்.

அது இப்போது நின்றுபோயிருந்தது. ரமணியின் மகன் பிரசன்னாவுக்குப் போன் போட்டாள். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறவன், இதெல்லாம் அவனுக்கு ஜுஜுபி. கோடு எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ படத்தில் அந்த இடத்தில் இருக்கிற துண்டுதான் கெட்டிருக்கும் என்றான்.

"அந்த க்ளிப்பைத் தூக்கிட்டு மறுபடி சேவ் போடுங்க பெரியம்மா. மறுபடி நின்னா, நின்ன இடத்துல இருக்கறதையும் தூக்குங்க. ஹவ், ஆமா, அவ்ளோதான்."

பள்ளிக்கூட ஆபீசில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. கோடு நின்ற இடத்தைத் தேடிப் பிடித்தாள். சுபா பத்தாவது பாஸான நாள். வசந்தா சுபாவின் வாயில் மைசூர்பாகைத் திணிக்கிறாள், அவள் திமிறுகிறாள், கேமராவுக்குப் பின்னால் ராமச்சந்திரன் சிரிக்கிறார். தூக்க மனசில்லை. ஆனால் சம்பந்தியம்மா கல்பகமும் அவர்கள் வீட்டு மனுஷர்களும் உட்கார்ந்து பார்க்கும்போது, பூவும் பொட்டுமாக இளித்துக்கொண்டு தான் திரையில் தெரிவதை நினைத்துப் பல நாளாகவே அவளுக்கு உள்ளூரக் கூச்சம். ஒன்று போனால் போகட்டும், நல்லதாகப் போயிற்று என்று டெலீட்டை அழுத்தினாள்.

கோடு மறுபடி ஓடியது, பழைய இடத்தைத் தாண்டியது, அப்பாடா என்று அவள் சாய்ந்து உட்காருவதற்குள் நின்றது. இந்தத் தடவை நுமாயிஷ் பொருட்காட்சி. அவளும் சுபாவும் ராட்டினத்தில். தூக்கினாள். அடுத்து நின்ற இடத்தில் பள்ளிக்கூடத்து முதல் நாள். இடுப்பை விட்டு இறங்காமல் அழுகிற குழந்தையோடு அவள். அதையும் தூக்கினாள். நடுவில் சுபா மட்டும் இருக்கிற துண்டுகள், சிநேகிதிகளோடு ஆடுகிற துண்டுகள் எல்லாவற்றையும் கோடு வழுக்கிக்கொண்டு தாண்டிப் போனதை அப்போதுதான் கவனித்தாள்.

அவள் இருக்கிற இடத்தில் மட்டும்தான் அது நின்றது.

சீ, என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, மிச்சம் இருக்கிற துண்டு ஒன்றை ஓட விட்டுப் பார்த்தாள். மொட்டை மாடியில் சுபா பட்டம் விடுகிறாள். வசந்தா அதில் இல்லை. அதை எடுத்தபோது அவள் தள்ளித் தண்ணீர்த் தொட்டி நிழலில் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தாள், ராமச்சந்திரன் குரல் மட்டும் 'வசந்தா, உன் பொண்ணைப் பாரு' என்று கூப்பிடும். எத்தனையோ தடவை பார்த்த படம். இப்போது அந்தக் குரல் 'சுபா, இங்க பாரு' என்றது. மறுபடி ஓட விட்டாள். 'சுபா, இங்க பாரு.' அவர் குரலேதான், அதே செருமல், அதே சிரிப்பு. அவள் பெயர் மட்டும் அதில் இல்லை.

வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டது. எதிர் ஃபிளாட் அனசூயம்மா, பூப் பொட்டலத்தோடு வந்து வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நின்றாள். வசந்தாவுக்குப் போன உயிர் வந்தது. "ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்றபடி எழுந்து போனாள். அனசூயம்மா உள்ளே பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், வசந்தாவின் முகம் இருந்த இடத்தையும் பார்த்தாள், அவள் கண் அங்கே நிற்காமல் பின்னாலிருந்த சுவருக்குப் போனது.

"எவரூ லேரா?" என்றாள், யாரும் இல்லையா என்று. வசந்தா பதில் சொன்னாள். சத்தமாகவே சொன்னாள். அனசூயம்மா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கதவைத் திறந்துபோட்டுவிட்டு எங்கே போனதோ இந்தக் கல்யாணப் பெண் என்று தெலுங்கில் முணுமுணுத்தபடி, பூவைத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டுப் போய்விட்டாள். மல்லிகை வாசனை வீட்டுக்குள் வந்தது.

போனை எடுத்தாள். விரலுக்கு அடியில் பட்டன்கள் கல்லாக இருந்தன, எலும்பு வலிக்க அழுத்தி மறுபடி பிரசன்னாவைப் பிடித்தாள். பெரியம்மா பேசுகிறேன் என்று கத்தினாள். அந்தப் பக்கம் ஹலோ ஹலோ என்றான். பக்கத்தில் யாரிடமோ, சுபா வீட்டு நம்பர்தான், ஆனால் வெறும் இரைச்சலாக வருகிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

சுவரைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

அவர்கள் கல்யாணப் போட்டோ. மணவறையில் ராமச்சந்திரன். கையில் மாலை. எதிரே யாரும் இல்லை. அவர் மாலையை நீட்டிக்கொண்டு சிரிக்கிறார். யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து. வெட்கத்தோடு.

ஓடிப்போய் நாற்காலியில் விழுந்தாள். தூக்கியதை எல்லாம் திரும்பக் கொண்டுவர வேண்டும். அன்டூ பட்டனை அழுத்தினாள். மவுஸ் அமுங்கவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினாள். அமுங்கவில்லை. ஆனால் கோடு ஓடியது. யாரும் தொடாமல், தானாக. காது குத்தியது, மொட்டை போட்டது, முதல் அடி வைத்தது, அவள் மடியிலும் இடுப்பிலும் தோளிலும் சுபா இருந்த துண்டுகள் ஒவ்வொன்றாகத் திரையின் துண்டு வரிசையிலிருந்து காணாமல் போயின. வேண்டாம் என்றாள். சாமி, வேண்டாம். கோடு கடைசிக்குச் சற்று முன்னால் வந்து நின்றது.

ஒரே ஒரு துண்டு மிச்சம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வசந்தா, கலைந்த தலையோடு. மடியில் துணி சுற்றிய குழந்தை. அவள் கேமராவைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் துண்டு போகவில்லை. கோடும் நகரவில்லை.

அவள் மூச்சு மெல்ல அடங்கியது. நிற்கட்டும். சேவ் ஆகாமலே போகட்டும். படம் இல்லை என்றால் மண்டபம் ஒன்றும் இடிந்துவிடாது. சுபா வரட்டும். அண்டை வீட்டுக்காரிக்குத் தெரியாமல் போகலாம், கொழுந்தன் மகனுக்குத் தெரியாமல் போகலாம், பெற்ற பெண்ணுக்கு அம்மாவைத் தெரியாமல் போகுமா? நாற்காலிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றாள். கூலர் ஓடியது. தண்ணீர் சொட்டியது. வெயில் தரையில் நகர்ந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். சுபா.

உள்ளே வந்தவள் சந்தன நிறப் புடவையில், தலை நிறையப் பூவோடு, அத்தனை அழகாக இருந்தாள். வசந்தாவுக்கு ஒரு கணம் பயம்கூட மறந்துபோனது. என் கண்ணே என்று கையை நீட்டினாள். சுபா அவளைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நின்றிருந்த கோட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். பிரசன்னாவுக்குப் போன் போட்டுத் தோளில் இடுக்கிக்கொண்டாள். அவன் அதையேதான் சொல்லியிருப்பான். சுபா கடைசித் துண்டை ஓட விட்டாள். திரையில் கட்டில். மடி. குழந்தை. வசந்தா அவள் காதருகே குனிந்து, நான்தான்டி, அம்மாடி, நான்தான் என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சுபா தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தாள்.

"யாரோ ஒரு லேடிடா, என்னை மடியில வெச்சிருக்கா. தெரியல. ஆஸ்பத்திரி ஆயாவா இருக்கும்" என்றாள் போனில். "சரி, தூக்கிடறேன்."

டக்கென்று ஒரு சத்தம்.

கோடு கடைசிவரை ஓடி முடிந்தது. சுபா சிடியைப் போட்டு ஏற்றினாள், சரியாக வந்திருக்கிறதா என்று படத்தை வேகமாக ஓட்டிப் பார்த்தாள். தூக்கிய துண்டுகள் எல்லாம் படத்தில் இருந்தன. ராட்டினம் இருந்தது. மொட்டை இருந்தது. மைசூர்பாகு காற்றிலிருந்து வந்து அவள் வாய்க்குள் போனது. கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டில், விரித்த வெள்ளைத் துணி, துணிக்குச் சற்று மேலே அந்தரத்தில் பச்சைக் குழந்தை. மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. சுபா அதைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணில் ஈரம்கூட வந்தது.

கீழே வேன் ஹாரன் அடித்தது. சுபா சிடியைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கிளம்பும் முன் அப்பாவின் படத்துக்கு எதிரே மண்டியிட்டு, தரையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டாள். எந்தப் பெண்ணும் கல்யாணத்துக்குப் புறப்படும்போது அப்பாவிடமும் அம்மாவிடமும் ஆசீர்வாதம் வாங்கத்தான் வேண்டும். வசந்தா குனிந்து, இரண்டு கைகளையும் மகளின் தலைமேல் வைத்தாள். நல்லா இரு என்றாள். சத்தம் வரவில்லை, ஆனாலும் முழுசாகச் சொன்னாள்.

சுபா சட்டென்று நிமிர்ந்து, முகம் சுளித்து, தலையில் வசந்தாவின் கை இருந்த இடத்தை விரலால் தட்டிவிட்டாள். விரலைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.

"ஒட்டடை" என்று சொல்லிக்கொண்டு, பூவைச் சரி செய்தபடி வெளியே போய்க் கதவைப் பூட்டினாள்.