பல் பிடுங்கிய முயல்

தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. ஆனால் முயல் பஞ்சுவின் தாடை நனைந்திருந்தது.

பேருந்து ஓட்டும் வேலை முடிந்து வீடு வந்த அவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் கூண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து அந்தக் கிழட்டு முயலின் கழுத்தடியைத் தடவிப் பார்த்தார். மயிர் கற்றை கற்றையாக ஒட்டிப் புளித்த வாடை அடித்தது. போட்ட புல் போட்டபடி இருக்க, மென்று விழுங்க முடியாமல் துப்பிய ஈர உருண்டைகள் மூலையில் கிடந்தன.

"கேரட்டை ஆசையா வாங்குதுங்க. அப்புறம் கீழ விட்டுடுது," என்றாள் மனைவி.

பஞ்சு அவர்கள் மகளின் முயல். மகள் ஏழு வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். பஞ்சு மட்டும் ஒரு கண்ணில் பூ விழுந்து, இன்னும் இருந்தது. அவள் தொட்டுத் தூக்கியதில் அந்த வீட்டில் மூச்சு விடுவது அது ஒன்றுதான்.

கால்நடை மருத்துவர் சிறு விளக்கை அதன் வாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "முயலுக்குச் சாகுற வரைக்கும் பல்லு வளந்துகிட்டே இருக்கும் சார். மென்னு தேஞ்சாத்தான் அளவா நிக்கும். இதுக்கு வயசாகி தாடை கோணிப்போச்சு. பின்பல்லு ஊசி மாதிரி நாக்கைக் கிழிக்குது, பாருங்க."

பின்பற்களை அராவினார். கோணலாக வளைந்திருந்த முன்பற்களை வேரோடு எடுத்துவிட்டார். "இனிமே கடிக்க ஒண்ணும் இல்ல. தீவனத்தைக் கரைச்சு, ஊசி மாட்டாத சிரிஞ்சுல ஊட்டுங்க. பொழைக்கிறது அது கையிலதான்."

மனைவி ஊட்டினாள். மகள் போன பிறகு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவள், முயலை மடியில் துண்டால் சுற்றி வைத்துக்கொண்டு, "ஆ காட்டு. என் தங்கமில்ல, ஒரே ஒரு வாய்," என்று கொஞ்சினாள். அந்தக் குரலைக் கேட்டு அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

அதற்கடுத்த வாரம்தான் அந்தச் சத்தம் கேட்டது. விடியற்கால வண்டியை ஓட்டிவிட்டு வந்து, மதிய வெயில் திரைச்சீலையில் மஞ்சளாகத் தேங்கியிருக்க அவர் கண்ணயர்ந்த நேரம். கரக். கரக். பென்சில் சீவுவது போல நிதானமாக, நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடியும். பூட்டியே கிடக்கும் மகளின் அறையிலிருந்து.

திறந்தார். மடித்து வைத்த துணியின் மக்கல் வாடைக்கு நடுவே, புதிதாக அறுத்த மரத்தின் வாசனை. படிப்பு மேஜையின் காலில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. கீழே சுருள் சுருளாக மரச்சீவல். அதைத் தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். ஈரமாக இருந்தது.

கூண்டுக்கு ஓடி வந்து பஞ்சுவின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். வெறும் ஈறு.

எலிதான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொறி வைத்தார். பொறியில் வைத்தது வைத்தபடி இருந்தது. பள்ளங்கள் மட்டும் மேலே ஏறின. மேஜையின் விளிம்புக்கு. பிறகு ஜன்னல் சட்டத்துக்கு. ஒவ்வொரு பள்ளமும் அவர் கட்டைவிரல் நகத்தின் அகலம்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பதறவில்லை. சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, தரையைப் பார்த்தாள்.

"இருந்திருந்தா இந்நேரம் இவ்ளோ உசரம் வந்திருப்பா."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "என்ன பேசுற நீ?"

"சும்மா சொன்னேங்க."

அன்றிலிருந்து அவள் தீவனத்தைக் கிண்ணத்தில் கரைக்கவில்லை, சட்டியில் கரைத்தாள். சட்டி காலியானது. பஞ்சுவோ எலும்பும் தோலுமாக இளைத்துக்கொண்டே போனது. கேட்க நினைத்தார். ஆனால் அவள் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்திருந்தது. கேட்டால் அது போய்விடும் என்று பயந்தார்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது மின்சாரம் இல்லை. கூண்டில் பஞ்சு ஒருக்களித்துக் கிடந்தது. தூக்கினார். விறைத்திருந்தது. காலையிலேயே போயிருக்க வேண்டும். தாடை காய்ந்து, மயிர் பழையபடி பஞ்சாக இருந்தது. துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, இதை எப்படி அவளிடம் சொல்வது என்று நின்றார்.

"ஆ காட்டு," என்றது மனைவியின் குரல். மகளின் அறைக்குள்ளிருந்து. "மெதுவா. வலிக்குதா தங்கம்?"

அவர் கையிலிருந்த முயலைப் பார்த்தார்.

கதவைப் பார்த்தார்.

மழை. ஒழுகும் நீர். அதற்கு அடியில், கரக்.

தள்ளினார்.

ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் சிரிஞ்சு. மடியில் ஒரு தலை. நீளமாக வளர்ந்த கூந்தல். எட்டாமல் முழங்கையோடு நின்றுபோன சட்டைக் கை. அது, மகளை மண்ணில் வைக்கும்போது போட்டுவிட்ட சட்டை.

தலை திரும்பியது.

கண்கள் மகளுடையவை. அதில் சந்தேகமே இல்லை. அழுதுகொண்டிருந்தன. வாய் மூடவில்லை. மூட முடியாது. இரண்டு பற்கள் உதட்டைத் தாண்டி, தாடையைத் தாண்டி, உள்பக்கமாக வளைந்து தொண்டையில் குத்தி நின்றன. எச்சில் ஒழுகிக் கழுத்து முழுக்க ஈரம்.

"பாக்க ஆளில்லாம பல்லு வளந்துடுச்சுங்க," என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது. "கடிக்க மரந்தானே கெடச்சுது, பாவம். என் ஒருத்தியால முடியல. தலையைப் பிடிச்சுக்கோங்க."

ஓடியிருக்கலாம். வாசல் திறந்துதான் இருந்தது.

அவர் பஞ்சுவை மெல்லத் தரையில் கிடத்தினார். மண்டியிட்டார். இரண்டு கைகளாலும் அந்தத் தலையை ஏந்தினார். மண்ணின் சில்லிப்பு. அது அவர் கையில் நம்பிக்கையோடு சாய்ந்தது.

உள்ளங்கைக்கு அடியில், தாடை எலும்புக்குள், பல் மெல்ல நகர்ந்தது.